கழுவின காரைத் துடைப்பதா, ஒற்றுவதா?

மட்டக்களப்பு, கல்லடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பாவித்த கறுப்பு டொயோட்டா எக்ஸியோ கார் ஒன்று வாங்கி ஆறு மாதமாம். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டு வளவுக்குள்ளேயே வைத்துத் தானே கழுவுகிறார். ஷம்பு போட்டு, கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றி, அப்பாவின் பழைய சாறத்தால் துடைத்து எடுக்கிறார். இப்போது காலை வெயிலில் பொனட்டைப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கீறுகள். "அமர்த்தித் துடைப்பதும் இல்லை, பிறகெப்படி? எந்தத் துணி வாங்க வேணும்?" என்பது அவருடைய கேள்வி.

துணியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கீறு எப்படி விழுகிறது என்று பார்த்துவிடுவோம். அது விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்போம். கம்பனிப் பெயின்டில் அதன் தடிப்பு பொதுவாக 40, 50 மைக்ரோன்தான். ஒரு மைக்ரோன் என்றால் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிப்புக்கூட இராது. பளபளப்பு முழுக்க இந்தத் தோலில்தான் இருக்கிறது. நம்முடைய கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கண்ணாடியையே கீறக்கூடிய கல் அது. அதற்கு முன்னால் கிளியர் கோட் வெண்ணெய் மாதிரி. கல்லடி, நாவலடி, காத்தான்குடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்த மணல் தூசி ஒவ்வொரு நாளும் வந்து படியும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய் வந்தால் கிரவல் ரோட்டுத் தூசி. அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயலோரம் ஓடினால் நெல் உமியிலிருந்து பறக்கும் சுணை. உமியில் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸில் உள்ள அதே பொருள், நிறைய உண்டு, ஆகவே அதையும் பஞ்சுத் தூசி என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆகவே கீறுவது துணி இல்லை, துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டுப்பட்ட மணல். சாறம் தட்டையாக நெய்த துணி. மணல் துகள் ஒன்று அதில் அகப்பட்டால் உள்ளே ஒதுங்க இடம் கிடையாது. துணி போகும் இடமெல்லாம் துகளும் உரசிக்கொண்டே போகும். நீங்கள் மெதுவாகத் துடைத்தாலும் ஈரச் சாறத்தின் பாரமே அதற்குப் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கீறுகள் எல்லாம் துடைக்கும்போது விழுந்தவையாக இருக்க முடியாது. பாதிக்கு மேல் கழுவும்போதே விழுந்திருக்கும். ஒரே வாளியில் ஷம்புத் தண்ணீர், அதற்குள்ளேயே அழுக்குப் பஞ்சைத் திரும்பத் திரும்ப முக்குவது, கீழே மட்கார்டைத் தேய்த்த பஞ்சால் மறுகா பொனட்டைத் தேய்ப்பது, இதெல்லாம் நடக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஷம்புக்கு ஒரு வாளி, பஞ்சை அலச ஒரு வாளி என்று இரண்டு வையுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். சில்லுக்குத் தனிப் பஞ்சு. சரியாகக் கழுவப்படாத காரை எந்த விலைத் துணியாலும் கீறாமல் உலர்த்த முடியாது. கழுவுவதைப் பற்றி இதற்கு மேல் போனால் கதை வேறெங்கோ போய்விடும், விடுவோம்.

இனி உலர்த்தும் வேலை. இருபது வருடமாகப் பெயின்ட் கராஜில் நிற்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: தொடுகிற தடவையைக் குறையுங்கள். முக்கால்வாசித் தண்ணீரைக் கை படாமலே இறக்கிவிடலாம். மிச்சத்துக்குத்தான் துணி.

கை படாமல் இறக்குவது எப்படி? கடைசி அலசலுக்கு ஹோஸ் பைப்பின் முனையில் உள்ள ஸ்பிரேயைக் கழற்றிவிடுங்கள். விரலால் வாயை அடைத்துப் பீச்ச வேண்டாம். பைப்பைப் பெயின்டில் முட்டாமல் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கூரையின் நடுவிலிருந்து தண்ணீரைச் சும்மா வழியவிடுங்கள். அப்போது ஒன்று நடக்கும், உற்றுப் பாருங்கள். பீச்சியடித்த தண்ணீர் ஆயிரம் துளியாக உடைந்து அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். வழியவிட்ட தண்ணீரோ ஒரே விரிப்பாக இறங்கும். இறங்கும்போது நிற்கிற துளிகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பொனட்டின் ஓரத்தைத் தாண்டி அந்த விரிப்பு சுருங்கிக்கொண்டே வரும். அதன் பின்னால் தெரியும் பெயின்ட் ஏறக்குறையக் காய்ந்து கிடக்கும். வாக்ஸ், அதாவது மெழுகுப் பூச்சு, அடித்த கார் என்றால் இன்னும் சுத்தமாக இறங்கும். வாக்ஸ் இல்லாத பழைய பெயின்டில் தண்ணீர் அப்பிக்கொண்டு நிற்கும், அப்போது இரண்டு தரம் வழியவிடுங்கள்.

இந்தக் கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்பதும் நம்மூரில் பெரிய கதை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணலில் தோண்டிய கிணறுகள் நம்முடையவை. பல வளவுகளில் தண்ணீர் கனம், கோடையில் உவர்ப்பும் ஏறும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம்தான் காரிலும் துளித் துளியாகக் காய்ந்து வட்டம் போடுகிறது. வீட்டில் உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வருகிறது என்றால், கழுவுவதைக் கிணற்றுத் தண்ணீரில் முடித்துக் கடைசி அலசலை மட்டும் குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை, அதில் உப்பும் சுண்ணாம்பும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். பிடித்ததையும் துணியால் வடித்துப் பூவாளியில் ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பூவாளி ஒரு காருக்குக் காணும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் பத்து மணிக்குக் கார் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். இடப்பக்கத்தை அலசி வலப்பக்கம் வருவதற்குள் இடப்பக்கம் புள்ளி புள்ளியாகக் காய்ந்துவிடும். அதோடு அந்தக் காற்று ஒழுங்கை மணலை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஈரக் காரில் ஒட்டிவிடும். பிறகு நீங்கள் துடைப்பது தண்ணீரை இல்லை, மணல் சேற்றை. விடிய ஆறு ஆறரைக்கு, காற்று எழும்புமுன் முடித்துவிடுங்கள். கறுப்புக் கார் என்பதால் இது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பொனட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்றால் அன்றைக்குக் கழுவாதீர்கள். மர நிழல் நல்லதுதான், ஆனால் மாமரத்துக்குக் கீழே வேண்டாம். பூக்கும் காலத்தில் பிசின் போல விழும், காகமும் தன் பங்குக்கு ஏதாவது போடும்.

சரி, இனித் துணி.

மைக்ரோஃபைபர் துவாய்தான் வாங்க வேண்டும். அதன் நூல் மிக மெல்லிய இழைகளாகப் பிளந்திருக்கும். துவாயின் மேல் அந்த இழைகள் புல் போல எழுந்து நிற்கும். தப்பிக் கிடந்த ஒரு மணல் துகள் அகப்பட்டால் அந்தப் புல்லுக்குள்ளே ஒதுங்க இடம் உண்டு, பெயின்டோடு நேரே உரசாது. சாறத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். மருதமுனைக் கைத்தறிச் சாறத்தில் எனக்கும் ஆசைதான், ஆனால் அது உடுத்த.

கடைகளில் மைக்ரோஃபைபர் என்ற பெயரில் எல்லாம் விற்கிறார்கள். கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியும் அந்தப் பெயர்தான், சமையலறைத் துணியும் அந்தப் பெயர்தான். காரை உலர்த்த 60க்கு 90 சென்ரிமீற்றர் அளவில், தடிப்பானதாகப் பாருங்கள். பக்கெட்டில் 500 ஜீஎஸ்எம் என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீற்றர் 500 கிராம் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் 60க்கு 90 துவாய் ஏறக்குறைய 270 கிராம் நிறுக்க வேண்டும். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். 500 என்று போட்ட ஒன்றை நான் ஒரு தரம் நிறுத்துப் பார்த்தேன், 150 கிராம் கூட இல்லை. வீட்டில் பழைய சீடீ கிடந்தால் அதன் பளபளப்பான பக்கத்தில் துவாயின் நடுவையும், முக்கியமாக ஓரத் தையலையும் தேய்த்துப் பாருங்கள். சீடீயில் கோடு விழுந்தால் அந்த ஓரம் காரிலும் கோடு போடும்.

ஓரம் என்றதும் என் வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் வேண்டும். மச்சானின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மச்சானின் கறுப்பு வானை நான்தான் முதல் நாள் பின்னேரம் கழுவிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் வாங்கிய புதுத் துவாய், பக்கெட்டை உடைத்த கையோடு துடைக்கத் தொடங்கிவிட்டேன். மூலையில் நைலோன் லேபல் ஒன்று தைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. லைட் வெளிச்சத்தில் வான் சும்மா கண்ணாடி மாதிரி இருந்தது. விடியக் கோயிலடியில் வெயில் பட்டதும்தான் பார்க்கிறேன், பக்கக் கதவு முழுக்க மூன்று மூன்று கோடாகச் சாண் நீளத்துக்கு. மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சான், ராவைக்குப் பூனை ஏதும் ஏறினதோ?" என்று கேட்டார். பெயின்ட் வேலை செய்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது! அடுத்த கிழமை ஒரு நாள் முழுக்க நின்று பொலிஷ் பண்ணிக் கொடுத்தேன். அன்றையிலிருந்து புதுத் துவாய் என்றால் முதலில் கத்தரிக்கோல், லேபலை அடியோடு வெட்டி எடுப்பது. பிறகு ஒரு தரம் துவைத்துக் காயவைத்த பிறகுதான் காரில் படும். புதிதில் கழன்று வரும் நூலும் தூசியும் அந்தத் துவையலோடு போய்விடும்.

துவாய் வந்துவிட்டது. பிடிக்கும் விதம் இப்படி. துவாயை முழுதாக விரித்துப் பொனட்டில் போடுங்கள், குழந்தைக்குப் போர்வை போர்த்துவது போல. உள்ளங்கையால் மேலே மெதுவாகத் தட்டி ஒரு சில விநாடி விடுங்கள். தண்ணீரைத் துவாயே குடிக்கும். பிறகு உங்கள் பக்கமுள்ள இரண்டு மூலைகளையும் பிடித்து, கையால் அமர்த்தாமல், துவாயின் சொந்தப் பாரத்தோடு நேராக இழுத்தெடுங்கள். கதவுகளில் இப்படி விரிக்க முடியாது. அங்கே துவாயை நாலாக மடித்து ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுத்தே ஆக வேண்டுமென்றால் நேர்கோட்டில் இழுங்கள். வட்டம் வட்டமாகத் துடைத்தால் எல்லாத் திசையிலும் கீறு விழும். பிறகு நீங்கள் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஏதோ ஒரு கீறு வெயிலைப் பிடித்துக் காட்டும். உங்கள் பொனட்டில் தெரிகிற சிலந்தி வலை அதுதான். கீறுகள் வட்டமாகக் கிடப்பதுபோல் தெரிவது வெளிச்சத்தின் வேலை. உண்மையில் அவை எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கின்றன, வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுகின்றன.

முதலில் கூரை, பிறகு கண்ணாடிகள், பொனட், டிக்கி, கதவின் மேல்பாதி. கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசியில், அதுவும் வேறு துவாயால். எவ்வளவு கழுவினாலும் அழுக்கு மிஞ்சும் இடம் அது. சைட் மிரருக்குள்ளும் கதவுப் பிடிக்குள்ளும் நிற்கும் தண்ணீர் எல்லாம் முடிந்த பிறகு வழிந்து வந்து கோடு போடும். ஆகவே கதவுகளை ஒரு தரம் திறந்து மூடி, மிரரை மடக்கி விரித்து, வழிவது வழிந்து முடிந்த பின் அங்கே ஒற்றுங்கள். ஊதும் மெஷின் ஒன்று, இலை ஊதுகிறதே அந்த மாதிரி, இருந்தால் இந்த இடுக்குகளுக்கு மிக நல்லது. எதுவுமே தொடாமல் வேலை முடியும். கராஜ் கொம்ப்ரெஸரால் ஊதலாமா என்று சிலர் கேட்பார்கள். அதன் காற்றோடு எண்ணெய்ச் சிதறலும் தண்ணீரும் வரும், அதன் பைப்பும் கதவில் உரசும். நான் பாவிப்பதில்லை.

கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு உபாயம் இருக்கிறது. துவாய் படுமுன் ஈரப் பெயின்டின் மேலேயே ஸ்பிரே வாக்ஸ் இரண்டு மூன்று தரம் அடித்துவிடுங்கள். அது வழுக்கலைக் கூட்டும், துவாய் இழுபடாமல் சறுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் மினுக்கமும் மிஞ்சும். அதிகம் அடித்தால் மேகம் படிந்த மாதிரி ஆகிவிடும், அளவாக.

துவாய் கை தவறி நிலத்தில் விழுந்தால் அன்றைக்கு அந்தத் துவாய்க்கு லீவு. உதறிவிட்டுத் தொடரலாம் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய வளவு மணலை உதறி எடுக்க யாராலும் முடியாது. அதனால்தான் எப்போதும் இரண்டு மூன்று துவாய் கைவசம் இருக்க வேண்டும் என்கிறேன்.

துவைப்பதிலும் பலர் பிழை விடுகிறார்கள். வீட்டு உடுப்புகளோடு சேர்த்துப் போட்டால் பருத்தித் துணியின் நூலெல்லாம் மைக்ரோஃபைபரில் ஏறிவிடும். தனி வாளியில், திரவச் சவர்க்காரம் கொஞ்சம் விட்டு அலசுங்கள். தூள் என்றால் கரையாத துகள் இழைக்குள் நின்றுவிடும். உடுப்பை மெதுமையாக்க, வாசம் வர ஊற்றுகிறார்களே, அந்தத் திரவம் கூடவே கூடாது. இழையில் படலமாகப் படிந்து தண்ணீர் குடிக்கிற குணத்தையே கெடுத்துவிடும். கொதிநீர், இஸ்திரிப்பெட்டி இரண்டும் ஆகாது, சூட்டில் இழை கெட்டுவிடும். கம்பி வேலியில் காயப் போடாதீர்கள், கறலும் மணலும் ஏறும். உள்ளே கொடியில் போட்டு, காய்ந்ததும் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். கிணற்றுத் தண்ணீரில் அலசிக் காய்ந்தால் துவாய் மொறமொறவென்று நிற்கும். கடைசி அலசல் இதற்கும் குழாய்த் தண்ணீர்தான்.

ஷாமித் தோல் (துடைக்கவென்று பதனிட்ட மெல்லிய தோல்), தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பிளேட் இவற்றையும் கேட்பார்கள். ஷாமி தண்ணீரை நன்றாக இழுக்கும், ஆனால் சாறம் மாதிரியே தட்டை, மணலுக்கு ஒதுங்க இடமில்லை. ரப்பர் பிளேட் கண்ணாடிக்கு மட்டும். பெயின்டில் ஓட்டினால் ஒரு துகள் போதும், முன்னிருந்து பின்வரை ஒரே கோடு. "ஒரு சுற்று ஓடினால் தானாகக் காய்ந்துவிடும்" என்பவர்களும் உண்டு. ஈரக் காரை நம் தெருவில் ஓட்டினால் காய்வதற்குள் பாதித் தெரு மேலே ஒட்டிவிடும்.

சேவிஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனால்? நான் பார்த்த சில இடங்களில் காலையில் எடுத்த துணிதான் பின்னேரம் வரை, லொறிக்கும் அதுதான், காருக்கும் அதுதான். அலசி முடிந்ததும் "துடைக்க வேண்டாம் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி உங்கள் துவாயை எடுங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் பழைய கார் விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும். பெயின்டைப் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏற்கெனவே விழுந்த கீறுக்கு வருகிறேன். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் அது கிளியர் கோட்டின் மேற்பரப்போடு நிற்கிற கீறு, பொலிஷில் போகும். தட்டினால் ஆழம், பொலிஷ் பண்ணிப் பண்ணிக் கிளியர் கோட்டையே தின்றுவிட வேண்டாம். ஒவ்வொரு மெஷின் பொலிஷும் சில மைக்ரோனைக் கொண்டுபோகும், 40, 50இல் எத்தனை தரம் செலவழிக்கலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அதனால் உலர்த்துகிற முறையை முதலில் மாற்றுங்கள், இரண்டு மாதம் போகட்டும், புதுக் கீறு விழவில்லை என்று கண்ட பிறகு ஒரே ஒரு தரம் கட் அன்ட் பொலிஷ், அதாவது மேற்பரப்பைக் கொஞ்சம் தேய்த்தெடுத்து மினுக்குவது, செய்தால் போதும்.

வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும் என்று நினைக்கிறேன், கிணற்றுத் தண்ணீரில் இத்தனை ஞாயிறு கழுவியிருக்கிறீர்களே. வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துவாய்த் துண்டு ஒன்றை நனைத்து, குளிர்ந்த பெயின்டில் அரை நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு மெதுவாக ஒற்றி எடுத்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்த இடத்துக்கு வாக்ஸ் திரும்பப் போட வேண்டிவரும். தேசிக்காயை வெட்டித் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அதன் சாற்றின் புளிப்பு எவ்வளவென்று நம் கையில் இல்லை, தோலும் சக்கையும் வேறு தேயும். வினாகிரிக்கும் போகாத புள்ளி என்றால் அது பெயின்டுக்குள் அரித்துவிட்டது, பொலிஷ் பண்ணும் நாளுக்கு விட்டுவிடுங்கள்.

அப்பாவின் சாறத்தை எறிந்துவிட வேண்டாம். நாலாகக் கிழித்து வைத்தால் சில்லுக்கும் ரயருக்கும் ஒரு வருடத்துக்குக் காணும். கிழிக்குமுன் அப்பாவிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.